ரீட்டா அத்தை சீட்டுப் போட்ட கோடை

முகப் பவுடர் வாசனையும் புதுச் சீட்டுக்கட்டின் பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாகக் கலந்து எங்காவது மூக்கில் பட்டால், திண்டுக்கல்லின் சித்திரை வெயிலும், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும், அதன்மேல் விரித்திருந்த பச்சைக் கம்பளியும் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்துவிடும். யாரோ கொடைக்கானலில் ஆசைப்பட்டு வாங்கிவந்து, எங்கள் ஊர் வெக்கையில் ஒருநாளும் போர்த்த வழியில்லாமல் பீரோ மேலேயே கிடந்த கம்பளி அது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் ரீட்டா அத்தை அதைக் கீழே இறக்கி, உதறி, மேசைமேல் இழுத்துக் கட்டினாள். வெறும் மரப்பலகையில் சீட்டு வழுக்கி ஓடிவிடும், கம்பளி என்றால் போய் விழுந்த இடத்தில் நிற்கும் என்றாள். கையில் வேர்வை பிசுபிசுக்காமல் இருக்கப் பவுடரைத் தேய்த்துக்கொண்டு, சீட்டுக்கட்டை எடுத்தாள்.

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம் உழுது பிழைத்த சம்சாரிக் குடும்பம். தாத்தா காலத்திலேயே திண்டுக்கல் நாகல்நகருக்குக் குடிவந்துவிட்டாலும், பெரியப்பா மட்டும் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்தார். விடிவதற்கு முன்னால் வேனில் கிளம்பிப் போகிறவர், மல்லிகை எல்லாம் எடைபோட்டு ஏற்றி முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுவார். அவர் உள்ளே நுழைந்தால் பூ வாசமும் அதற்குப் பின்னாலேயே ஓர் அமைதியும் நுழையும். வீட்டில் அவர் சொன்னதுதான். அப்பா திருப்பூரில் வேலையாக இருந்ததால், எங்களுக்குச் செருப்பு வாங்குவதிலிருந்து பள்ளிக்கூடம் மாற்றுவது வரை பெரியப்பாவைக் கேட்காமல் எதுவும் நடக்காது.

ரீட்டா அத்தை அவருக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. கேட்டரிங் படித்துவிட்டு மதுரையில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் நின்றுகொண்டிருந்தவள், ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். கூடப் படித்த தோழி ஒருத்தி உல்லாசக் கப்பலில் வேலை செய்கிறாள் என்றும், அங்கே சீட்டாட்ட மேசையில் சீட்டுப் போடுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், சென்னையில் நேரில் கூப்பிட்டுக் கைத்திறனைச் சோதிப்பார்கள் என்றும் சொன்னாள்.

“சீட்டாடுறதுக்கா சம்பளம் குடுக்குறாக?” என்று பெரியம்மா வாயில் கைவைத்தாள்.

“ஆடுறதுக்கு இல்ல மதினி, போடுறதுக்கு. போடுறவ ஆடவே கூடாது.”

பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் பொம்பளைப் பிள்ளை சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு கப்பலேறுவதா என்று அவர் சத்தம் போடுவார் என எல்லோரும் காத்திருந்தோம். அவர் கைகழுவிவிட்டு, “பழகு. போறதப் பத்தி அப்பறம் பாப்போம்” என்றார். அந்த ‘அப்பறம்’ என்ற சொல் எப்படி வேண்டுமானாலும் திரும்பும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ரம்மியும் கழுதையும்தான். அத்தை கற்க வேண்டியிருந்ததோ போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துப் போடவேண்டும். நடுவில் ஐந்து சீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவேண்டும். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து ஒரே எண் இரண்டு, மூன்று என்று யாருக்கு நல்ல ஜோடி அமைகிறதோ அவருக்கு ஜெயம். ஒவ்வொரு சீட்டு திறக்கும்போதும் பந்தயத்தைக் கூட்டலாம், தாக்குப்பிடிக்க முடியாது என்று தோன்றினால் சீட்டைத் தள்ளிவிட்டு ஒதுங்கலாம். பந்தயத்துக்குப் பெரியம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பொத்தான்கள் வந்தன. சட்டைப் பொத்தானுக்கு மதிப்புக் குறைவு, கோட்டில் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தானுக்கு மதிப்பு அதிகம். பெரியம்மா, அம்மா, நான், சாப்பாடு முடிந்து செத்த நேரம் உட்காருகிற பெரியப்பா ஆகிய நாங்கள்தான் அத்தையின் கப்பல் பயணிகள்.

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்திருந்த தொடுதிரைக் கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் கைகள் மட்டும் தெரிகிற படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓடவிட்டு அத்தை பார்ப்பாள். கூடவே நானும் பார்ப்பேன். சீட்டுகளை மேசைமேல் பரப்பி மாவு பிசைவதுபோல் இரண்டு கையாலும் கலக்க வேண்டும். பிறகு கட்டை இரண்டாகப் பிரித்து, மேசையை விட்டுத் தூக்காமல், நுனிகளை மட்டும் நிமிர்த்தி ஒன்றுக்குள் ஒன்றாகச் சரியவிட வேண்டும். நாங்கள் ரம்மிக்குக் கலைப்பதுபோல் காற்றில் தூக்கிக் கலைத்தால் அடிச்சீட்டு எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். போடும்போது சீட்டை எறியவும் கூடாது, நீட்டிக் கொடுக்கவும் கூடாது. ஒரு விரல் தள்ள, இன்னொரு விரல் சுண்ட, சீட்டு கம்பளியை உரசினாற்போல் தாழப் பறந்து உரியவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அங்கேதான் எனக்கு வேலை வந்தது. மேசையில் உட்கார்ந்தால் என் தாடை கம்பளியில் இடிக்கும். அதனால் பறந்து வரும் சீட்டின் அடிப்பக்கம் மற்றவர்களைவிட எனக்குத்தான் முதலில் தெரியும். “இம்புட்டூண்டு தெரிஞ்சாலும் சொல்லிப்புடணும்டி. பாவம் அத்தைன்னு விட்டுறாத” என்றாள். முதல் வாரம் முழுக்க நான் கத்திக்கொண்டே இருந்தேன். “இஸ்பேட் ராணி!” “டைமன் ஒம்போது!” சில சீட்டுகள் அம்மாவின் மடியில் விழுந்தன. ஒன்று பெரியப்பாவின் மோர் டம்ளருக்குள்ளேயே போய் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தை முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, மறுபடி பரப்பி, மறுபடி பிசைந்தாள். அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. ராத்திரி அதில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள்.

எந்த நாளில் அது மாறியது என்று எனக்குத் தெரியாது. ஒரு பிற்பகல், மின்விசிறிகூட நின்றுபோயிருந்த நேரம், அத்தை போட்டுக்கொண்டே வந்தாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீலநிற முதுகுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பளியை ஒட்டி மிதந்து வந்து, ஒவ்வொருவர் முன்னாலும், யாரோ அளந்து கோடு போட்டு வைத்ததுபோல், மெதுவாகத் திரும்பி நின்றன. அவள் கையைப் பார்த்தேன். அவசரமே இல்லை. சீட்டுகள் அவள் விரலிலிருந்து புறப்படுவதாகவே தோன்றவில்லை, அவற்றுக்கே போகவேண்டிய இடம் தெரிந்து போவதாக இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் ஒரு பெரிய பாட்டு முடிந்ததும் வரும் நிசப்தத்தில் மட்டுமே அதுவரை எனக்கு அப்படி இருந்திருக்கிறது. “தெரியுதா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நானும் பழகினேன். என் கைக்குக் கட்டு பெரிது. பாதிக் கட்டை வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, தலையணைகளுக்குப் போட்டேன். சீட்டு நேராகப் போய் நின்ற முதல் தடவை, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினேன். யாரும் இல்லை. இருந்தும் சந்தோஷம் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து, கறிச்சோறு சாப்பிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். அந்த ஆட்டத்தில் பெரியம்மா கறுப்புப் பொத்தான்களைக் குவித்துவிட்டாள். நான் பயந்து விலகிவிட்டேன். பெரியப்பா யோசித்து, “எனக்கு வேணாம்ப்பா” என்று தன் இரண்டு சீட்டையும் அத்தை பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிய சீட்டுகளை அத்தை ஓரமாக இருந்த கழித்த சீட்டுகளோடு சேர்த்தாள். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் ஆட்டம் தொடர்ந்தது. கடைசிச் சீட்டைத் திறந்தாள். கிளாவர் நாலு.

“அட, ஏங்கையில ரெண்டு நாலு இருந்துச்சு! மூணு நாலு ஆச்சே!” என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே கழித்த சீட்டுகளை நோக்கிக் கையை நீட்டினார்.

அத்தை தன் உள்ளங்கையை அந்தச் சீட்டுகளின் மேல் வைத்தாள்.

“தள்ளுனது தள்ளுனதுதான்ண்ணே.”

பெரியப்பாவின் கை பாதியில் நின்றது. “வெளையாட்டுக்குத்தானே?”

“வெளையாட்டுதான்ண்ணே. ஆனா எடுக்க முடியாது.”

“குடுத்துரேன் ரீட்டா, அவருகிட்டப் போயி...” என்று பெரியம்மா மெதுவாகச் சொன்னாள். அத்தை கையை எடுக்கவில்லை. அவர் முன்னால் அதுவரை நாற்காலியில்கூட நேராக உட்காராதவள் அவள். சென்னைக்குப் போவதற்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும் என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் அவள் குரல் உயரவில்லை.

பெரியப்பா எழுந்தார். “நான் அனுப்புனாத்தான நீ அங்க போயிச் சட்டம் பேசுவ?” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அத்தை ஆட்டத்தை முடித்தாள். அம்மாவைவிடப் பெரியம்மாவுக்குத்தான் நல்ல ஜோடி. பொத்தான்களைப் பெரியம்மா பக்கம் நகர்த்தினாள். கைகளை ஒருமுறை தட்டி, உள்ளங்கையும் புறங்கையும் எங்களுக்குத் திருப்பிக் காட்டினாள். எதையும் மறைத்து எடுத்துக்கொண்டு போகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் மேசையை விட்டு எழ வேண்டும் என்பது கப்பல் விதி. பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

அதன்பின் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. பெரியப்பா வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அம்மா தனியாக அத்தையிடம், “ஒரு வார்த்த மன்னிச்சிருங்கண்ணேன்னு சொல்லிரு, என்ன கொறஞ்சு போகுது” என்றாள். “சொல்லலாம் மதினி. அப்பறம் அந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எங்க போயிச் சீட்டுப் போட?” என்றாள் அத்தை. அவளும் நானும் மட்டும் தினமும் மேசையில் உட்கார்ந்தோம். யாரும் இல்லாத நாற்காலிகளுக்கும் அவள் சீட்டுப் போட்டாள். பெரியப்பாவின் நாற்காலிக்கு முன்னாலும் இரண்டு சீட்டு போய் நிற்கும்.

ஒருநாள் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சந்தையிலிருந்து வந்தார். சட்டையில் பூக்காம்பு ஒட்டியிருந்தது. சாப்பிடப் போகவில்லை. தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எதிரில் கிடந்த சீட்டைத் தொடாமல் அத்தையைப் பார்த்தார்.

“எடை போடும்போது யாவாரி மூஞ்சியப் பாக்காதலே, தராசு முள்ளப் பாருன்னு எங்கடைக்கு வர்ற ஒவ்வொருத்தங்கிட்டயும் சொல்றேன். ஏந்தங்கச்சி எம்மூஞ்சியப் பாக்கலைன்னு கோவிச்சுக்கிட்டுத் திரியுறேன் பாரு.” சட்டையில் இருந்த காம்பைத் தட்டிவிட்டார். “என்னைக்கு வரச் சொல்லிருக்காக?”

அத்தை கையிலிருந்த கட்டைக் கம்பளிமேல் வைத்தாள். தேதியை நான்தான் சொன்னேன்.

திண்டுக்கல் ஸ்டேஷன் வரைக்கும் அவரே வந்தார். தங்கைக்குத் துணையாகச் சென்னைக்கும் ரயிலேறினார். அங்கே அத்தையைச் சோதித்தவர் நடுவில் வேண்டுமென்றே சத்தம்போட்டுச் சண்டை பிடித்தார் என்றும், அவள் குரலை உயர்த்தாமல் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள் என்றும், கதவுக்கு வெளியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட பெரியப்பா திரும்பிவந்து பூச்சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இப்போது அத்தை கப்பல்களை விட்டு இறங்கி, தூரதேசத்து ஊர் ஒன்றில், பல மேசைகளை மேற்பார்வையிடுகிற இடத்தில் இருக்கிறாள். அவள் வேலை செய்யும் இடத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை என்பதால், அவள் அங்கே சீட்டுப் போட்டதை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. நாகல்நகர் வீட்டை விற்றாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் நிற்கிறது. பெரியப்பாவும் காலமாகிவிட்டார். பண்டிகைக்குக் கூடும்போது பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியில் சீட்டாடுகிறார்கள். சீட்டுகள் எங்கிருந்தோ வந்து திரையில் விழுகின்றன. போடுகிற கை என்று ஒன்று அதில் கிடையாது.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அத்தை விடுப்பில் வந்திருந்தாள். என் வாடகை வீட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும், ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டு அத்தை என்று கட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நீ போடுடி. நான் ஆடணும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பிற்பகல்களில், அதற்குப்பின் அத்தனை வருடங்களில், அவள் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. நான் போட்டேன். அவள் தன் இரண்டு சீட்டின் நுனியையும் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். எத்தனையோ பேருடைய கோபத்துக்கும் கண்ணீருக்கும் முன்னால் அசையாமல் இருந்த அந்த முகம், சின்னப் பிள்ளையின் முகம்போல் அப்படியே மலர்ந்துவிட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், அடங்கவில்லை.

“ஏய் ரீட்டா, மூஞ்சிய மறைடி, அம்புட்டும் தெரியுது!” என்றாள் அம்மா.

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும் மதினி” என்று சொல்லிவிட்டு, இரண்டு சீட்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் எல்லோரும் எங்கள் சீட்டைத் தள்ளிவிட்டோம்.