விளக்குமாறு பட்ட முயல்

தஞ்சோங் கிளிங்கில் என் மகன் வீட்டு ஹாலில் ஒரு முயல் வளர்கிறது. பூனையைவிடப் பெரியது. சோபாவுக்குக் கீழே நீட்டிப் படுத்திருக்கும். அது எழுந்து வந்தால் நான் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வேன். "பாம்பையே அடிச்சவங்க, முயலுக்குப் போயி பயப்படுறீங்களேம்மா!" என்று மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். பாம்பை அடித்தது உண்மைதான். முயல் கதையை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தோட்டத்தார் கொடுத்த லயத்து வீடு. அம்மாவின் தம்பி, என் மாமா, துரை பங்களாவில் சமையற்காரர். துரையும் துரையம்மாவும் ஒரு மாதம் சீமைக்குப் போனபோது, துரையம்மா வளர்த்த வெள்ளை முயலை மாமா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்தார். அவ்வளவு பெரிது.

"வெளிய விட்டா நாய் கொதறிடும்க்கா. வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னு வையி, எனக்கு வேல போச்சு. ஒங்களையும் லயத்த விட்டுக் கெளப்பிடுவாங்க."

"ஏண்டா, ஒனக்கு வேற வீடே கெடைக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா மூலையில் கோணிச்சாக்கை விரித்தாள்.

அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போய், அப்படியே பால்மரக் காட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானம்தான். அதுவரை அடுப்பும் வீடும் என் பொறுப்பு. ஒருநாள்கூடச் சோறு தீய்ந்ததில்லை. ஆனால் முயல் வந்த பிறகு, சாத்திய கதவுக்குள்ளே நானும் அதுவும்தான். இமைக்காத சிவப்புக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும். திடீரென்று பின்னங்காலால் சிமெண்டுத் தரையைத் 'தொப்'பென்று அறையும். நான் கட்டிலுக்கு ஓடுவேன். கட்டில்மேல் ஏறிக்கொண்டால் ஒண்ணுக்கு வந்தாலும் இறங்க மாட்டேன்.

மூன்றாவது வாரம் ஒருநாள் அதன் மூலையைக் கூட்டப் போனேன். நாய்போல் உறுமிக்கொண்டு என் காலைப் பார்த்துப் பாய்ந்தது. கையில் இருந்த விளக்குமாற்றால் அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

வைத்த பிறகுதான் கையில் இருப்பது என்னவென்று பார்த்தேன். எங்கள் லயத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் கரண்டியால் அடிப்பார்கள், விளக்குமாற்றால் அடிக்க மாட்டார்கள். விளக்குமாறு பட்ட உடம்பு தேய்ந்துகொண்டே போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் முயல் தன் நெஞ்சு முடியைத் தானே வாயால் பிடுங்கிப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தது. தேய ஆரம்பித்துவிட்டது! அவ்வளவு முடியையும் அள்ளி அடுப்பில் போட்டேன்.

வேலை முடிந்து வந்த அம்மா மூக்கைச் சுளித்தாள். "என்னாடி, முடி பொசுங்குன நாத்தம்?"

"எந் தலமுடிதாம்மா. சீப்புல வந்துச்சு."

"அத அடுப்புலயா போடுவ? அறிவு கெட்டவளே!"

அடுத்த நாள் இன்னும் நிறையப் பிடுங்கியிருந்தது. நெஞ்சில் தோல் தெரிந்தது. எரிக்கப் பயந்து, முடியை ஒரு பிஸ்கட் டின்னில் திணித்து விறகுக்குப் பின்னால் வைத்தேன். முடி ஒட்டிய சாக்கையும் கொல்லையில் போட்டேன். சாமான்களை வாசலில் வீசிவிட, நாங்கள் ரோட்டில் நிற்பதுபோலவே கண்ணுக்குள் வந்தது.

அதற்கு அடுத்த நாள் வெறும் சிமெண்டில் இளஞ்சிவப்பாகச் சதைத் துண்டுகள் கிடந்தன. ஆறு. தேய்ந்து தேய்ந்து சதையே கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அதில் ஒன்று அசைந்தது. கத்திக்கொண்டே காட்டுக்கு ஓடினேன்.

அம்மா பால்மரம் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தாள். "அடியே, குட்டிடி! குட்டி போட்டிருக்குடி!" என்று குனிந்தாள். நான்கு விறைத்துக் கிடந்தன. மீதி இரண்டைத் தொட்டுப் பார்த்து மடியில் பொத்திக்கொண்டாள். முயலின் வெறும் நெஞ்சைப் பார்த்தாள். வெறும் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போயி மாமாவக் கூட்டியா."

மாமாவோடு திரும்பியபோது இரண்டு குட்டியும் முறத்தில், மெத்தென்ற வெள்ளை முடிக்குள் கிடந்தன. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாலு போச்சேக்கா! துரையம்மா கேட்டா நான் என்னா சொல்லுவேன்?"

"தலச்சன் பிரசவம்டா. தன் முடியப் பிடுங்கிக் குட்டிக்கு மெத்த போட அதுக்குத் தெரியல. நாந்தான் நெஞ்சு முடியப் பிச்சுப் போட்டேன், ரெண்டாச்சும் பொழச்சுது. அப்படியே சொல்லு."

"தாய்க்கே தெரியலன்னா நாம என்னா செய்ய முடியும்?" என்று மாமா கொஞ்சம் தெளிந்தார்.

அன்று மாலை விறகுக்குப் பின்னால் தேடினேன். டின் காலியாக இருந்தது. எலி இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த துரையம்மா குட்டிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம். மாமாவின் வேலை நிலைத்தது, எங்களுக்கு வீடும் நிலைத்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சாகும்வரை கேட்கவில்லை. இவ்வளவு கெட்டிக்கார அம்மாவையே ஏமாற்றிவிட்டோமே என்று அன்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.