பாலத்தைத் தாண்டினா வெளிநாடு

பாளையங்கோட்டையில நான் நடத்துற இங்கிலீஷ் வகுப்புல இன்னைக்கு ஒரே கூத்து.

'அப்ராட்'னா என்னன்னு கேட்டாங்க. "தண்ணியத் தாண்டி அக்கரைக்குப் போய்ப் பொழைக்கது"ன்னு சொல்லிவச்சேன்.

"அப்ராட்ல இருந்த அனுபவத்தை யாராவது சொல்லுங்க"ன்னதும் செண்பகம் எந்திரிச்சாங்க. அடுத்த மாசம்தான் வீட்டுக்காரரோட மஸ்கட் போறாங்க. இதுவரைக்கும் பிளேன் ஏறுனதில்ல.

"ஐ ஆம் லிவிங் அப்ராட் சின்ஸ் மேரேஜ்"னாங்க.

"எங்கனம்மா?"

"இங்கனதான் சார். பொறந்தது திருநெல்வேலி டவுன். கட்டிக்குடுத்தது பாளையங்கோட்டை. நடுவுல தாமிரபரணி ஓடுதுல்லா?"

நான் சொல்லிவச்ச அர்த்தப்படி அது சரிதான். "சரி, அந்த வெளிநாட்டைப் பத்திச் சொல்லுங்க"ன்னேன்.

"பீப்பிள் ஆர் வெரி டிஃபரண்ட். சொதி இஸ் ஒன்லி வாட்டர்."

பக்கத்துல அவங்க நாத்தனார். மாமியார் வைக்க தேங்காப்பால் சொதியைத்தான் சொல்லுதாங்கன்னு நாத்தனாருக்குப் புரிஞ்சுபோச்சு. சேர்ந்த நாள்லேர்ந்து வகுப்புல வாயே திறக்காத பொண்ணு, சட்டுனு எந்திரிச்சு, இலக்கணத்துல ஒரு பிழை இல்லாமச் சொல்லிச்சு:

"கோ பேக் டு யுவர் கன்ட்ரி, மதினி!"

ரெண்டு பேர்ல யாருக்கு மார்க் கூடப் போடலாம்? கமெண்ட்ல சொல்லுங்க.

டவுன்காரங்க மட்டும் விசா எடுத்துட்டு வந்து சொல்லுங்க.