பதினாலுக்கு மேலே சின்னதாக ஒரு மூன்று

நான் எழுதிய புரோகிராமை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். சாம்பாரில் உப்பு இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க மாட்டேன். ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், குடோனுக்கு எத்தனை அடி தோல் வந்தது, வெட்டுவதற்கு எத்தனை அடி போனது, மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம் முழுக்க நான் தனியாக எழுதியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான்.

அதையே எங்கள் வாணியம்பாடி யூனிட்டிலும் போட்டோம். அங்கே சரக்கைச் சரிபார்க்கும்போதெல்லாம், கம்ப்யூட்டர் காட்டும் இருப்பைவிட ரேக்கில் தோல் குறைவாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு புகாரே வந்ததில்லை. "இத்தினி நாளா மறைஞ்சிருந்தது, உங்க புரோகிராம் வந்ததும் வெளிய வந்துடுச்சு பாருங்க" என்று மேனேஜர் மீட்டிங்கில் என்னைப் பாராட்டினார். நானும் சிரித்துக்கொண்டேன். அந்தக் குடோன் சாவி ஒரு பாயிடம் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், நான் அவரிடம் போனில் இரண்டு முறை பேசியதோடு சரி. தோல் குறைந்தால் எல்லோரும் அவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சமயத்தில் கம்பெனி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. எல்லா யூனிட்டுகளின் புரோகிராம்களும் ஒரே பொதுத் தளத்தில் இருக்க வேண்டும். கம்பெனிக்குள் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், தப்பைக் கண்டால் திருத்தி அனுப்பலாம். எழுதியவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் காரணத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும். உலகம் முழுக்க ஓப்பன் சோர்ஸ்காரர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்களாம். செய்யட்டும், அதற்காக என் அடுப்படிக்குள் ஏன் ஊரைக் கூப்பிட வேண்டும் என்று கேன்டீனில் புலம்பினேன். கடைசி நாள்வரை இழுத்தடித்துவிட்டுத்தான் என்னுடையதை ஏற்றினேன்.

ஒரு வாரத்திற்குள் முதல் திருத்தம் வந்தது. அனுப்பியவள் வாணியம்பாடி யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண், குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்துப் பெண். மொத்தம் பத்து வரிகூட இல்லை. அளவில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக் கால் அடிகளாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதாவது 14.3 என்றால் பதினாலே முக்கால் அடி. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. 'தசமம் பள்ளிக்கூடத்துப் பாடம். ஏற்க முடியாது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அவள் எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை. ஒரு போட்டோவை மட்டும் போட்டாள். ஒரு தோலின் பின்பக்கம், பெரிதாகப் பதினாலு, அதன் தலைக்கு மேல் ஓரமாகச் சின்னதாக ஒரு மூன்று. கீழே, 'இங்க வர்ற தோல்ல இப்படித்தான் எழுதியிருக்கு மேடம். பாய் இதைப் பாத்துத்தான் கம்ப்யூட்டர்ல அடிக்கிறார். மாசக் கடைசியில சாவிய ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க அவரை. ஒரு தடவ வந்து பாருங்க' என்று எழுதியிருந்தாள்.

எங்கள் ஆம்பூர் யூனிட்டில் மெஷினே 14.75 என்று ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்துவிடும். நான் பார்த்ததெல்லாம் அந்த ஸ்டிக்கரைத்தான். தோல் ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஒரு தோலைத் திருப்பிப் பார்த்ததில்லை. அன்று மத்தியானமே வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன்.

குடோனில் பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. ஒரு தோலை விரித்து, எண்ணைப் பார்த்து, கீபோர்டில் ஒற்றை விரலால் 14.3 என்று அடித்தார்.

"மேல மூணுன்னா இன்னா பாய்?"

"முக்கா அடி மேடம். ஒண்ணுன்னா கால், ரெண்டுன்னா அரை."

"நாலுன்னா?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நாலு கால் சேந்தா ஒரு அடி ஆய்டும். நாலுன்னு எவன் எழுதுவான்?"

முக்கால் அடியைப் புரோகிராம் அரை அடிக்கும் கீழே படித்திருந்தது. சரக்கு உள்ளே வரும்போது பில்லில் இருந்த மொத்த அளவு சரியாக ஏறியது. வெட்டப் போகும்போது ஒவ்வொரு தோலிலும் கொஞ்சம் கம்மியாகக் கழிந்தது. கழியாத மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரில் இருப்பாக நின்றது. இல்லாத தோலைத்தான் இத்தனை நாளும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒரு துண்டுகூட எட்த்ததில்ல மேடம்" என்றார் பாய். "வூட்ல யாரும் கேக்கல. கேக்காம பாக்கறாங்க. அதான் பேஜாரா இருக்குது."

மீட்டிங்கில் சிரித்தது ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் திருத்தத்தை அப்படியே ஏற்றால் ஆம்பூர் அளவுகள் கெட்டுவிடும். எந்த யூனிட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளும்படி புரோகிராமை இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம். பழைய பதிவுகளை மறுபடி ஓடவிட்டோம். இருப்பு இறங்கி இறங்கி, ரேக்கில் இருந்த அளவுக்கே வந்து நின்றது.

ஏற்றதற்குக் காரணம் எழுத வேண்டும். எழுதினேன்: 'தோல் எதுவும் குறையவில்லை. குடோனில் எந்தத் தப்பும் நடக்கவில்லை. அளவைத் தப்பாகப் படித்தது நான் எழுதிய புரோகிராம்.'

"அக்கா, மேல நீங்க எழுதின அந்தத் தசமம் வரிய எடுத்துடட்டா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்றேன்.

தளத்தில் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு மேனேஜரே குடோனுக்குப் போன் செய்து, சாவி பாயிடமே இருக்கட்டும் என்றார். பாய் தலையாட்டிவிட்டு ஸ்கிரீனைக் காட்டினார்.

"இத யாரெல்லாம் பாக்கலாம் மேடம்?"

"எல்லா யூனிட்லயும் பாக்கலாம் பாய்."

"நாளைக்கும் இருக்குமா?"

"இருக்கும்."

அவர் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். நான் எழுதிய மூன்று வரிகளையும் எழுத்துக் கூட்டித் தமிழில் படித்தார். பிறகு உருதுவில் சொன்னார். அந்தப் பக்கம் மனைவி ஏதோ கேட்டிருக்க வேண்டும், கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தார். என் தப்பை மூன்று முறை சத்தமாகப் படித்தார், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்திலேயே நின்று கேட்டேன்.