காற்றுக்கு டோக்கன் கேட்ட பேரரசு

ரோஸ்மேரி எழுதிய முதல் நாடகத்தில் கீழ்த்திசை ஞானிகள் மூன்று பேரும் ராக்கெட்டில் வந்து இறங்கினார்கள். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அதே அட்டை ஒட்டகம், அதே கம்பளி போர்த்திய மேய்ப்பர்கள். பத்தாவது படித்துக்கொண்டிருந்த ரோஸ்மேரிக்கு அலுத்துப்போய்விட்டது. நட்சத்திரத்தைப் பார்த்து நடந்து வருகிறவர்கள் நட்சத்திரத்திலிருந்தே வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். சபைப் போதகர் அடுத்த வருஷம் நாடகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். ஒட்டகம் திரும்பி வந்தது.

அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பொதுவாக எந்தக் கோபமும் அவளுக்குச் சீக்கிரம் ஆறுவதில்லை. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து, மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் நின்று நின்றே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, பிரிந்த தையல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து மீன் குழம்பை இறக்கி வைத்தாளென்றால், தமிழ் பேசும் விண்வெளிப் படங்களைப் போனில் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். கிரகங்களை ஆளும் பேரரசு, பேரரசரின் காதைக் கடிக்கும் தளபதி, அவனைக் கவிழ்க்கக் காத்திருக்கும் அமைச்சன் எல்லாரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரிப் பழக்கம்.

அப்படிப்பட்ட ஆட்களை நேரில் பார்க்க அவள் வானத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கம்பெனியிலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் புரொடக்‌ஷன் மேனேஜர் சரவணக்குமார். முதலாளிக்குப் பங்காளி முறை, அதை அவரே வாரத்துக்கு ஒருமுறையாவது யாருக்காவது ஞாபகப்படுத்துவார். இன்னொருவர் எச்.ஆர். மேனேஜர் இளங்கோ. கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்தவர், வாயைத் திறந்தால் சட்டம் பேசுவார். இருவரும் ஒருவரையொருவர் "வாங்க", "சொல்லுங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கொங்கு நாட்டு மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. அந்த மரியாதையோடேயே ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவார்கள். இவர் அறைக்குக் கண்ணாடிக் கதவு வந்தால் அவர் அறைக்குக் கண்ணாடிக் கதவும் திரைச்சீலையும் வரும். வேப்பமரத்து நிழலில் யார் காரை நிறுத்துவது என்று ஒரு கோடைகாலம் முழுக்கச் சண்டை நடந்தது. அதையெல்லாம் வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். டோக்கன் விஷயம் அப்படியில்லை.

மிஷினை விட்டு எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் லைன் சூப்பர்வைசரிடம் மஞ்சள் டோக்கன் வாங்க வேண்டும். ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மிஷினுக்கு, ஒன்றுதான். போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். இது சரவணக்குமார் கொண்டுவந்த ஏற்பாடு. கழிப்பறை என்பது தொழிலாளர் நலன், அது தன் துறை, அதில் புரொடக்‌ஷனுக்கு என்ன வேலை என்று இளங்கோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மனுஷன் மஞ்சள் டோக்கனை ஒழிக்கப் போகிறார் என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர் பச்சை டோக்கன் ஒன்றைக் கொண்டுவந்தார். மஞ்சள் இருந்தால் மிஷினை விட்டு எழலாம். பச்சையும் இருந்தால்தான் கழிப்பறைக்குள் நுழையலாம். பச்சை டோக்கன் எச்.ஆர். அறையில் இருக்கும், அந்த அறை மாடியில் இருக்கும். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைப் பார்க்க வரும் நாளில் மட்டும் இரண்டு டோக்கனும் மாயமாகி, கழிப்பறையில் புதுச் சோப்பு இருக்கும்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அங்கே யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஒச்சாயி அடியோடு நிறுத்திவிட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவள். அதிர்ந்து பேசத் தெரியாது. ஒருநாள் குளிர் காய்ச்சலில் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். சிறுநீரில் ரத்தம் போயிருக்கிறது, வெளியே சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ரோஸ்மேரி பார்க்கப் போனாள்.

"ஏட்டி, இவ்வளவுக்கு முத்த விட்டிருக்கியே, ஒரு வார்த்த கேக்கப்படாதா?"

"யாருகிட்டக்கா கேக்க? மஞ்சக்காரரு பச்சைக்காரரக் கை காட்டுறாரு. பச்சைக்காரரு மஞ்சக்காரரக் காட்டுறாரு."

இரண்டு அதிகாரிகளில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உங்களால்தான், உங்களால்தான் என்று தங்களுக்குள் மரியாதையாகக் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். முதலாளியிடம் போய் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவும் முடியாது. அடுத்தவர் டோக்கனைச் சொன்னால் தன் டோக்கனும் வெளியே வந்துவிடுமே. அதனால் முதலாளி கேட்டபோது இருவரும் ஒரே குரலில் "வைரஸ் காய்ச்சலுங்க" என்றார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று ரோஸ்மேரி, ஒரு பெண்ணின் உடம்பு இவர்கள் இரண்டு பேரும் இழுத்துப் பார்க்கும் கயிறா என்று புருஷனிடம் கத்தினாள். அவன் என்ன செய்வான், பாவம். கேட்டுக்கொண்டான்.

முதலாளி பொங்கியண்ணன் குன்னத்தூர்த் தோட்டத்திலிருந்து வந்து நாலு மிஷினில் கம்பெனி தொடங்கியவர். இப்போது பாதி நாள் வெளிநாட்டில் இருப்பார், மீதி நாள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு இருப்பார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அவருக்கு ஓர் ஆசை வந்தது.

"சினிமாப் பாட்டுக்கு ஆடறதெல்லாம் போதுமுங்க. இந்த வருசம் நல்லதா ஒரு நாடகம் போடோணும்."

ரோஸ்மேரி நாடகம் எழுதுவாள் என்று யாரோ கை காட்டினார்கள். ராக்கெட் கதை அவர்களுக்குத் தெரியாது.

அவள் ஏழு சூரியப் பேரரசை எழுதினாள். பேரரசின் கோடியில் ஒரு கிரகம். அங்கே காற்று கிடையாது. வேறு கிரகத்திலிருந்து குழாயில் காற்று வருகிறது. காற்றுக்கு ஓர் அமைச்சர், குழாய்க்கு ஓர் அமைச்சர். காற்று என்னுடையது, என் டோக்கன் இல்லாமல் யாரும் மூச்சு விடக்கூடாது என்கிறார் ஒருவர். குழாய் என்னுடையது, என் டோக்கன் இல்லாமல் காற்று எப்படி வரும் என்கிறார் மற்றவர். அந்தக் கிரகத்து மக்கள் பாதி மூச்சு விடப் பழகிக்கொள்கிறார்கள். பேரரசர் எங்கோ தூரத்து நட்சத்திரத்தில் இருக்கிறார், குரல் மட்டும் வரும். கடைசிக் காட்சியில் அந்தக் கிரகத்துப் பெண் ஒருத்தி எழுந்து நின்று பேரரசரிடம் நியாயம் கேட்கிறாள்.

அந்த ஒரு காட்சிக்காகத்தான் ரோஸ்மேரி முழு நாடகத்தையும் எழுதினாள். முதலாளி முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒச்சாயி வாயால் அது அவர் காதில் விழ வேண்டும். ஒச்சாயி முதலில் மாட்டேன் என்றாள். பிறகு டீ நேரத்தில் வசனத்தை முணுமுணுத்துப் பாடம் செய்ய ஆரம்பித்தாள்.

நாடகத்தை இரண்டு மேனேஜர்களுக்கும் காட்ட வேண்டியிருந்தது. மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் ரோஸ்மேரி நினைத்தாள். சரவணக்குமார் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தக் குழாய் அமைச்சரு அச்சு அசலா இளங்கோதானுங்க. எப்படீங்க இப்படிப் புடிச்சீங்க?"

இளங்கோ கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காத்து அமைச்சர் யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. நான் ஒண்ணும் சொல்லல. நல்லா காட்டமாவே எழுதுங்க."

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அடுத்தவன் முகத்தைப் பழிக்கிறவர்களை என்ன சொல்வது? ரோஸ்மேரி "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேனேஜர்களும் நடித்தால் தொழிலாளர்களுக்கு உற்சாகமாக இருக்குமே என்று முதலாளி சொல்லிவிட்டார். இருவருமே காற்று அமைச்சர் வேஷம் கேட்டார்கள். குழாயைவிடக் காற்று பெரிது அல்லவா. பங்காளி என்பதால் காற்று சரவணக்குமாருக்குப் போயிற்று. அதற்கு ஈடாக இளங்கோ தன் கிரீடம் உயரமாக இருக்க வேண்டும் என்றார். தெர்மோகோலில் வெள்ளித்தாள் ஒட்டிய கிரீடம். ஒரு நாள் இவர் கிரீடம் வளரும், மறுநாள் அவர் கிரீடம் வளரும். வசனமும் அப்படியே. இவருக்கு ஒரு வசனம் சேர்த்தால் அவருக்கு ஒன்று சேர்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு எதையாவது வெட்ட வேண்டும். வெட்டு விழுந்ததெல்லாம் கிரகத்து மக்கள் பேசும் இடத்தில்தான். மூச்சுத் திணறும் கிழவர் போனார், பிள்ளைக்குக் காற்று கேட்கும் தாய் போனாள். ரோஸ்மேரி பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிக் காட்சியை மட்டும் காப்பாற்றி வைத்திருந்தாள்.

பூஜைக்கு முந்தின நாள் இருவரும் சேர்ந்து அவளைக் கூப்பிட்டார்கள். சேர்ந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கடைசி சீன் வேண்டாமுங்க" என்றார் சரவணக்குமார். "சாப்பாட்டுக்கு நேரமாயிரும்."

"ஆமாங்க, நானே சொல்லலாமுன்னு இருந்தேன்" என்றார் இளங்கோ.

வேப்பமர நிழலில் ஒத்துப்போகாதவர்கள், டோக்கன் நிறத்தில் ஒத்துப்போகாதவர்கள், ஒச்சாயி வாயை அடைப்பதில் எவ்வளவு அழகாக ஒத்துப்போகிறார்கள். ரோஸ்மேரி வெளியே வந்து ஒச்சாயியிடம் சொன்னாள். ஒச்சாயி கேட்டுக்கொண்டே மிஷினில் நூலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பூசணி உடைத்து, பொரி கொடுத்து முடித்த பிறகு பந்தலில் நாடகம் தொடங்கியது. முதலாளி முன் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். காற்றும் குழாயும் மேடைக்கு வந்ததும் ஒரே கைதட்டல். ஆளுக்கொரு மைக். சண்டை சூடு பிடித்த நேரத்தில் இளங்கோவின் கிரீடம் பந்தல் மூங்கிலில் இடித்துக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. கூட்டம் சிரித்தது. சரவணக்குமார் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க" என்றார் இளங்கோ. மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டார். "உங்க மஞ்ச டோக்கனாலதான் ஒரு பொம்பள ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா."

"என்ற மஞ்ச டோக்கனாலயா? உங்க பச்ச டோக்கன் மாடில இருந்து எறங்கி வர்றதுக்குள்ள அடக்கி அடக்கித்தானுங்க அந்தம்மா படுத்துச்சு."

முதலாளி தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "என்ன டோக்கனுங்க?" என்றார்.

திரைக்குப் பின்னால் ரோஸ்மேரி நின்றிருந்தாள். ஒச்சாயியை அவள் தள்ளிவிடவில்லை. கிரகத்துப் பெண்ணின் சாம்பல் நிறத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒச்சாயி தானாகவே மேடைக்குப் போனாள். "மாட்சிமை தாங்கிய பேரரசே" என்று தொடங்கும் வசனத்தை ரோஸ்மேரி எழுதியிருந்தாள். ஒச்சாயி அதைச் சொல்லவில்லை.

"ஒண்ணுக்குப் போறதுக்கு டோக்கனுங்கய்யா. எந்திரிக்க மஞ்ச, உள்ள போக பச்ச."

பொங்கியண்ணன் முகம் கறுத்துவிட்டது. "இத்தன நாளா எங்கிட்ட ஏனம்மிணி சொல்லல?"

"ஒங்களப் பாக்க வாரதுக்கு என்ன கலரு டோக்கனுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலீங்கய்யா."

அது ரோஸ்மேரி எழுதாத வசனம். எழுதவும் வந்திருக்காது. பின்வரிசையில் ஒரு பெண் விசும்பும் சத்தம் கேட்டது. பொங்கியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து, சாப்பிடக்கூட நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

வேலை போகும் என்று ரோஸ்மேரி தயாராகத்தான் இருந்தாள். லீவு முடிந்து வந்தபோது மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. முதலாளி யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஒச்சாயியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவுமில்லை. தன் கம்பெனியில் நடந்தது தனக்குத் தெரியாமல் போனதற்கு அவர் வெட்கப்பட்டாரா, நாலு பேர் முன்னால் தெரியவந்ததற்கு வெட்கப்பட்டாரா என்று ரோஸ்மேரிக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டாவதுதான் என்று அவளுக்குச் சந்தேகம்.

அடுத்த பையர் வருவதற்கு முன்னால் இளங்கோ செக்கிங் மேசைக்கே வந்தார். தொழிலாளர் நலத்துக்காக எச்.ஆர். துறை டோக்கனை எடுத்துவிட்டது என்று பையருக்குக் காட்ட ரோஸ்மேரி ஒரு வீடியோவில் சொல்ல வேண்டுமாம். அவர் பேசி முடிப்பதற்குள் சரவணக்குமாரும் வந்துவிட்டார்.

"எடுக்கச் சொன்னதே நானுங்க. புரொடக்‌ஷன் பேரச் சொல்லச் சொல்லுங்க."

"அதெப்படீங்க? வெல்பேர் எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்களா?"

ரோஸ்மேரி கையிலிருந்த பனியனை மேசையில் வைத்தாள்.

"சார், ஒருத்தி மூத்திரத்துல ரத்தம் போயி கெடந்தா. அவ பேரு ஒங்க ரெண்டு பேரு வாயிலயும் வரல. நான் எந்த வீடியோவுலயும் பேசமாட்டேன்."

அவர்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. யார் துறை, யார் சொல்லி எடுத்தது என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சு நடக்கும்போதே ரோஸ்மேரி கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை.