வாசப்படி இல்லாத வீடு

என் வீட்டுக்காரர் தனபால் இருபத்தாறு வருடம் ரிக் வண்டியில் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். வருடத்தில் பத்து மாதம் வெளியூர்தான். வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம். முருகன் புண்ணியத்தில் கை கால் சேதமில்லாமல் திரும்பி வந்தார். குறும்பு மட்டும் குறையவில்லை. தர்மபுரிப் பக்கம் ஒரு தோட்டக்காரர், "தண்ணி எப்ப வரும், எப்ப வரும்" என்று மெஷின் பக்கத்திலேயே நின்று உயிரை எடுத்திருக்கிறார். இவர், "இப்படி வந்து நில்லுங்க, இங்கதான் மொதல்ல தெரியும்" என்று ஓர் இடத்தைக் காட்டிவிட்டார். அடுத்த நொடி பாறைப் பொடி அத்தனையும் அவர் மேல். வெள்ளை வெளேரென்று வீட்டுக்குப் போனவரை அவர் வளர்த்த நாயே உள்ளே விடவில்லையாம்.

வேலையை விட்டு வந்த பிறகு கட்டிலில் இவருக்குத் தூக்கம் வரவில்லை. "ஊடு அசையவே மாட்டேங்குது" என்பார். போன வருடம் ஒரு பழைய பள்ளிக்கூடப் பஸ்ஸை வாங்கி, நாமக்கல்லில் பாடி கட்டும் சென்றாயன் பட்டறையில் விட்டார். இரண்டு கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, பின்னால் கக்கூஸ் என்று கேரவன் உருவானது. சாமிப் படத்துக்கும் கக்கூஸுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைதான் என்று தெரிந்ததும் நான் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் சாமி முன்னால் டிரைவர் பக்கம் குடி வந்தார்.

கடைசியில் சென்றாயன் கதவடியில் வேப்பமரத்தில் ஒரு வாசப்படி வைக்கிறேன் என்றார். எனக்கும் அதுதான் ஆசை. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூச வேண்டாமா?

"வாசப்படியே வேண்டாம்" என்றார் இவர்.

"ஊடுங்கறீங்க. வாசப்படி இல்லீன்னா மகாலட்சுமி எப்படிங்க உள்ள வருவா?"

"ஏணி போட்டிருக்குதல்ல. ஏறி வரட்டும்."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இவர் சிரித்தார். அப்படிச் சிரித்தால் யாருக்கோ குழி வெட்டுகிறார் என்று அர்த்தம்.

குழி இவருடைய அக்கா சென்னியம்மாளுக்கு. நாத்தனாரை நாங்கள் நங்கை என்போம். ராசிபுரத்தில் இருக்கிறார். ஆறு வருடம் முன்பு எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினோம். அதில் நங்கையின் கை மட்டும் சீர்த்தட்டோடு ஓரத்தில் விழுந்திருந்தது. மீதி ஆள் இல்லை. கழற்றச் சொன்னார். இவர் சும்மா இருந்திருக்கலாம். "கை வந்துருக்குது, தட்டும் வந்துருக்குது. வேற என்னக்கா வேணும்?" என்றார். நங்கை நேராகச் சாமி அறைக்குப் போய்க் கற்பூரத்தை ஏற்றி, "இனித் தனபாலு ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அதை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனவர்தான்.

இப்போது நங்கையின் ஒரே மகள் பிரீத்திக்குத் தை மாதம் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் குலதெய்வத்துக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அதுவும் அவன் வீட்டுக்குள் வந்து, எரிகிற விளக்கின் முன்னால் வெற்றிலை பாக்கோடு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவன் மாமனாகச் சபையில் நிற்க முடியாது. நங்கைக்குச் சத்தியம், வர முடியாது. இவருக்கு ரோசம், கூப்பிடாமல் போக முடியாது. 'சித்தப்பன் மகன் குணசீலன் மாமனா நிக்கட்டும்' என்று நங்கை சொன்னதாகக் காதில் விழுந்த அன்று இவர் சோறு உண்ணவில்லை. எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்பவருக்கு அது மட்டும் முடியவில்லை.

மாமனும் மருமகளும் போனில் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். மேட்டூர் அணைத் தண்ணீர் கடல் போல விரிந்து கிடக்கும் பண்ணவாடிப் பக்கம் ஒருவர் தன் தோப்பைக் கேரவன் நிறுத்தவும் கூடாரம் அடிக்கவும் விட்டிருக்கிறார். சனிக்கிழமையே நானும் இவரும் போய்விட்டோம். புளியமரத்தடியில் சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து வண்டியைச் சமமாக நிறுத்தினார். நான் அம்மிக்கல், இட்லிக் குண்டா, இரண்டு குடம், வடைச்சட்டி என்று இறக்கி வைத்தேன். பக்கத்துக் கூடாரத்துப் பெங்களூர்க்காரர் மடக்கு நாற்காலியில் இருந்தபடி, "எத்தனை குடும்பம் வருது?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருதாங்க" என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அணையில் தண்ணீர் நிறைந்திருந்ததால் உள்ளே மூழ்கிய கோயிலின் பழைய நந்தி தெரியவில்லை. இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். நடக்கப் போகிற காரியத்துக்கு அவர் துணை வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரீத்தி அப்பா அம்மாவோடு காரில் வருகிறாள். வாடகைக் கேரவன் என்று சொல்லியிருக்கிறாள். நங்கை ஏறி உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் வெளிப்பட வேண்டும். இவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். என்னைக் கக்கூஸுக்குள் நிற்கச் சொன்னார்.

"அங்க நின்னுட்டுச் சாமி பேரைச் சொல்ல முடியாதுங்களே."

"அப்ப என்ற பேரைச் சொல்லு."

இருபத்தெட்டு வருடமாக வாயால் சொல்லாத பேரை அங்கே நின்றா சொல்வேன்? பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கார் வந்தது. பிரீத்தியின் அப்பா தண்ணீரைப் பார்க்க இறங்கிப் போய்விட்டார். நங்கை ஏணியில் மெல்ல ஏறி வந்து கட்டிலில் உட்கார்வது கதவிடுக்கில் தெரிந்தது. தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் குடித்தார். அடுப்பு மேடையை விரலால் தடவிப் பார்த்தார்.

"சுத்தமாத்தான் இருக்குது. முத்தாயி தொடைச்ச மாதிரியே இருக்குது" என்றார். பிறகு சத்தமாக, "ஏம்புள்ள முத்தாயி, எத்தன நேரந்தான் கக்கூஸ்லயே நிப்ப? வெளிய வா சாமி. கீழ படுத்திருக்கறவனையும் வரச் சொல்லு, எறும்பு கடிக்கும்."

எறும்பு ஏற்கெனவே கடித்திருந்தது. இவர் வேட்டியை உதறிக்கொண்டே ஏறி வந்தார்.

"ஏன்டா, இது வண்டியா ஊடா?" என்றார் நங்கை.

"ஊடுதான்க்கா. பால் காய்ச்சியாச்சு."

"ஊடா? அப்ப என்ற சத்தியம் என்னாகறது?" நங்கை எழுந்தார்.

"அக்கா, அக்கா! வண்டிதான். நெம்பரைப் பாரு, டேக்ஸ் கட்டியிருக்கறேன்."

"வண்டின்னாச் செரி." மறுபடி உட்கார்ந்தார். "ஆனா வண்டியில வெச்சு எவளாவது மாமனுக்குப் பத்திரிகை வெப்பாளா?"

"அப்ப ஊடு."

"எறங்கறேன்."

பிரீத்தி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இவர் கடைசியில் தன் துருப்புச் சீட்டை இறக்கினார். "நீ என்னன்னு சத்தியம் பண்ணுன? வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான? இந்த ஊட்டுல வாசப்படி எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்."

நங்கை குனிந்து கதவடியைத் தடவிப் பார்த்தார். "இல்லதான். வாசப்படி இல்லாதது ஊடே இல்லடா. குணசீலன் ஊட்டுல தேக்குல போட்டிருக்கறான்."

இவருக்கு முகம் விழுந்துவிட்டது. எட்டு மாதம் யோசித்துச் செய்த வேலை. பிறகு வலது மணிக்கட்டை நீட்டினார்.

"காது குத்தறப்ப என்ற மடியில உக்காந்து பிரீத்தி கடிச்சது, அக்கா. தழும்பு இன்னும் இருக்குது. குணசீலனுக்கு இருக்குதா? போட்டோவப் பத்தி அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புத்தான்."

நங்கை தம்பியின் கையையே பார்த்தார். "இத ஆறு வருசத்துக்கு முன்னயே சொல்லியிருந்தா ஒரு பஸ்ஸு மிச்சமாயிருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெளக்கு எங்க புள்ள?" என்றார்.

விளக்கை ஏற்றினேன். நங்கை பையில் இருந்து வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்தார். வாங்கிப் பார்த்தால் தாய்மாமன் என்ற இடத்தில் இவர் பேர் அச்சாகியே இருந்தது.

"சென்றாயன் பொண்டாட்டி அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டா, உன்ற தம்பி வாசப்படி வேண்டாங்கறான்னு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"வாசப்படி இல்லாதது ஊடில்லீன்னு சொன்னீங்களே, நங்கை?" என்றேன்.

"வெளக்கு எரியுதல்ல, ஊடுதான். வாசப்படி இல்ல, சத்தியமும் பத்திரம். அவன் வாயில இருந்து தப்புன்னு ஒரு வார்த்த வரோணும்னு உக்காந்திருந்தேன்."

மத்தியானம் மரத்தடியில் இவர் அணை மீனை வறுத்துக்கொண்டிருந்தார். நங்கை எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பெங்களூர்க்காரர் கையில் போனைக் கொடுத்தார். அவர் காதில் நங்கை ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தை மாதம் இவர் பட்டு வேட்டியில் மாமனாக நின்றார். கல்யாணம் முடிந்த மறுவாரம் நங்கை பிரீத்தியையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, சத்தியம் சத்தியம்தானாம். வாசலில் நிற்கும் கேரவனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் வீட்டுக்கும் வண்டிக்குமாகக் காப்பி சுமந்தேன். கையோடு கொண்டு வந்த கண்ணாடிப் படத்தை அவரே அடுப்பு மேடைக்கு மேலே மாட்டினார். எல்லோரும் முழுசாக இருக்கிறோம். ஓரத்தில் கரண்டி பிடித்த ஒரு கை மட்டும்.

"கை வந்துருக்குது, கரண்டியும் வந்துருக்குது" என்றார் நங்கை.

பிரீத்தியின் மாப்பிள்ளை படத்துக்கு அருகில் போய், "இது யாரு கைங்க?" என்று கேட்டார். படத்தில் அந்த மணிக்கட்டில் தெரிந்த தழும்பை இவரே தொட்டுக் காட்டினார்.

"தாய்மாமன் கைங்க, மாப்பிள. உங்க சம்சாரத்தக் கேளுங்க."