சாட்சி சொல்ல ஒன்றுமில்லாத பாஸ்கரன்

சேக்காட்டில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பாஸ்கரனைத் தெரியாதவர்களுக்கும், ராஜகுமாரியின் வீட்டுக்காரர் என்று சொன்னால் தெரிந்துவிடும். ராஜகுமாரி நெமிலிச்சேரி சின்னப்பையனின் மூத்த மகள். சின்னப்பையனுக்குக் கூடப்பிறந்த அக்காள் வேம்புலியம்மாள். அந்த அம்மாள்தான் முத்தாபுதுப்பேட்டை கிறிஸ்தவ சபைக்கு முதலில் போனவள். பிறகு தம்பி மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். பாஸ்கரனை யாரும் கூப்பிடவில்லை. பெண்சாதியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேம்புலியம்மாளே வெளியே வந்தாள்.

"சும்மாதானே குந்திகினு கீற? அந்தப் பாயெல்லாம் தூக்கியாந்து போடு நைனா."

போட்டார். வெயில் கொளுத்தியதால் ஃபேனுக்கடியில் கொஞ்சம் நின்றார். அடுத்த வாரம் அதே ஃபேனுக்கடியில் உட்கார்ந்தார். அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

அவருக்கு இப்போது ஒரே ஒரு குறைதான். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மட்டுந்தான் அப்பம் எடுக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஜேசுராஜ் எடுத்துக்கொண்டு தட்டை நீட்டுவார். பாஸ்கரன் வாங்கி, எடுக்காமல், அந்தப் பக்கத்து ஆளிடம் கொடுப்பார். பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போட மறந்துபோனது மாதிரி இருக்கும்.

அதனால் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் உண்டு என்றதும் முதல் ஆளாய்ப் போய் நின்றார். மேக்ஸ்வெல் பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

"ஆனா பிரதர், எல்லாரையும் போல நீங்களும் சபைக்கு முன்னால சாட்சி சொல்லணும். கர்த்தர் உங்க வாழ்க்கையில என்ன செஞ்சார்னு."

அங்கேதான் வந்தது வினை. அந்தச் சபையில் சாட்சி என்றால் சாதாரணமா? வேம்புலியம்மாளுக்கு டாக்டர்கள் கைவிட்ட வயிற்றுக்கட்டி கரைந்தது. ஜேசுராஜின் காலில் வண்டி ஏறியும் எலும்பு முறியவில்லை. முதல் தடவை சொன்னபோது அது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. அப்புறம் லாரியானது. போன கிறிஸ்மஸில் கன்டெய்னர். கேட்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். பாஸ்கரனுக்கோ ஐம்பது தாண்டியும் சிலிர்க்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

வீட்டில் கேட்டுப் பார்த்தார். "எனுக்கு எப்பனா பெரிய சீக்கு வந்து கீதா?"

"உனுக்கா? நீ தும்மனா கூட பக்கத்து ஊட்டுக்காரனுக்குத்தான் சளி புடிக்கும்" என்றாள் ராஜகுமாரி.

மைத்துனன் டில்லிபாபு வந்திருந்தான். "குடிச்சிகினு கெடந்தேன், இப்ப வுட்டுட்டேன்னு சொல்லு மாமே. நல்லா எடுபடும்."

"நான்தான் குடிச்சதே இல்லியேடா."

"இன்னும் டைம் கீதே. ரெண்டு நாளு குடிச்சிட்டு வுட்டுடு."

ராஜகுமாரி கரண்டியோடு வந்ததும் டில்லிபாபு வேறு வழி சொன்னான். "நம்ம நெமிலிச்சேரில உன் வண்டி பஞ்சர் ஆச்சே, அத்த எடுத்துக்கோ. பின்னாலயே தண்ணி லாரி பிரேக் புடிக்காம வந்துச்சுன்னு வையி. அவ்ளோதான், ஜனம் அழுதுரும்."

பாஸ்கரனுக்கு மனசில்லை. ஆனாலும் அப்பத் தட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. சரி என்றுவிட்டார்.

சாட்சி சொல்லவேண்டிய ஞாயிறு வந்தது, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "நெமிலிச்சேரிகிட்ட வந்துகினு கீறேன், வண்டி பஞ்சர்" என்று ஆரம்பித்தார். ஜேசுராஜ் ஆவலோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க வந்து பின்னால் நின்ற டில்லிபாபு, லாரி வரட்டும் என்று கையாட்டினான். லாரி வரவில்லை. அத்தனை முகத்தையும் பார்த்துக்கொண்டு அவருடைய வாயில் அது வரமாட்டேன் என்றது.

"பஞ்சர் ஆச்சு. தள்ளிகினு ஊட்டுக்கு வந்துட்டேன்."

சபை சிரித்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டு, "பரவாயில்ல பிரதர், மனசுல இருக்கிறத சொல்லுங்க" என்றார்.

"எனுக்கு ஒண்ணும் நடக்கலீங்க ஐயா. சீக்கு இல்ல, ஆக்சிடென்ட் இல்ல. பாய் போடத்தான் உள்ள வந்தேன். போன ஆடில வேலைனு ஒரு வாரம் வரல. அடுத்த வாரம் வந்தா எல்லாரும் எங்க போன, எங்க போனன்னு கேக்கறாங்கோ. எங்கம்மா போனதுக்கு அப்பால என்ன யாரும் தேடனது இல்ல."

மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார்.

"இங்க இவுருக்காக ஜெபிங்க, அவுங்களுக்காக ஜெபிங்கன்னு சொல்வீங்கோ. மறந்துடுமேன்னு காயில் சுத்தறப்ப ஒவ்வொரு பேரா சொல்லிகினு இருந்தேன். வேம்புலி அத்தையோட கால்வலி, ஜேசுராஜ் அண்ணன் பையன் வேலை, அப்டி. மொதல்ல சும்மா பேருதான். இப்ப பேசறேன். கேக்கறவரு கீறாருன்னு தெரிஞ்சுதான் பேசறேன். அது எந்த நாள்லேர்ந்துன்னு கேட்டா எனுக்குச் சொல்லத் தெரியல."

மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வேம்புலியம்மாள் முதலில் "ஸ்தோத்திரம்" என்றாள். அவள் சொன்னதும் எல்லோரும் சொன்னார்கள். பாஸ்கரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதமா என்று பாஸ்டர் சபையைக் கேட்டபோது எல்லோரும் கை தூக்கினார்கள், ஞானஸ்நானமே எடுக்காத டில்லிபாபுகூடத் தூக்கினான். ஜேசுராஜ் பாஸ்கரன் தோளைத் தொட்டு, "என் பையனுக்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் ராஜகுமாரி பின்னால் உம்மென்று உட்கார்ந்து வந்தாள். ஆவடி மார்க்கெட் தாண்டித்தான் வாய் திறந்தாள்.

"ஊர்ல கீற பேரெல்லாம் சொன்னியே. என் பேரு இன்னா ஆச்சு?"

"உன்னுது மொதல்ல வந்துடும்."

"வந்து? எனுக்காக இன்னா கேப்ப?"

"அத்த உங்கிட்ட சொல்ல முடியாது. உன்னப் பத்தி அவுருகிட்ட சொல்றது."

முதுகில் ஓர் அடி விழுந்தது. ஈஸ்டருக்கு உடுத்த வெள்ளை வேட்டி வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியை மார்க்கெட்டுக்குத் திருப்பச் சொன்னாள்.