அறுபத்து நான்காம் வீட்டின் நான்காவது பெயர்

தணிக்கை நாளில் இலங்கைத் தமிழர் முகாமில் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். மாதத்தில் இரண்டு முறை, காலை பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் வரிசை நிற்கும். வருவாய்த் துறை அதிகாரி பேரேட்டைத் திறந்து வீட்டு எண்ணைச் சொல்வார். அந்த வீட்டில் பதிந்துள்ள அத்தனை பேரும் முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லையென்றால் பெயர் மீது சிவப்பு மையில் ஒரு கோடு விழும். விழுந்த கோட்டை எடுக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அந்த வியாழக்கிழமை வரிசையில் அமலதாஸ் ஒரு நீல ஃபைலோடு நின்றான். இருபத்தொன்பது வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பெயிண்ட் வேலைக்குப் போனவன். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் டேப் ஒட்டாமலே நேர்கோடு இழுக்கிற கை என்று புதுக்கோட்டை மேஸ்திரிகளிடம் பெயர் வாங்கியவன். அவனுக்குப் பின்னால் அம்மா நின்றார். தங்கை ஷர்லி மட்டும் இல்லை. முதல் நாள் மாலையே அவள் சென்னைக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

பிளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. அது கிடைத்தால் மூன்று வருடத்துக்கும் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்க வேண்டியதுதான். நேர்காணல் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. தேர்வானால் அன்று மாலை ஐந்து மணிக்குள் முகாம் பதிவில் அவள் பெயர் நடப்பில் இருக்கிறது என்று சான்றிதழ் அனுப்ப வேண்டும்.

நேர்காணலுக்குப் போனால் தணிக்கையில் பெயர் போகும். பெயர் போனால் உதவித்தொகை போகும். இந்த முடிச்சை அமலதாஸ் தேதி தெரிந்த அன்றே பார்த்துவிட்டான். பன்னிரண்டு நாள் முன்னதாகவே விடுப்பு மனு எழுதி அதிகாரி மலையாண்டியிடம் நீட்டினான்.

மலையாண்டி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "புள்ளியியலா? படிச்சிட்டு எதைப்பா எண்ணப் போவுது? ஒங்க ஆளுகளத்தான் நாங்களே மாசம் ரெண்டு தடவ எண்ணிக்கிட்டு இருக்கோமே."

பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அமலதாஸ் சிரிக்கவில்லை. நகலில் தேதி முத்திரை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஃபைலில் வைத்துக்கொண்டான். வெளியே வந்தபோது வாசல் பலகை கண்ணில் பட்டது. நான்கு வருடத்துக்கு முன் அவனே பெயிண்ட் அடித்த பலகை. 'அகதிகள் முகாம்' என்றிருந்ததை அழித்து 'மறுவாழ்வு முகாம்' என்று எழுதச் சொன்னார்கள். அடிப்பூச்சுக்குப் பிரைமர் வாங்கித் தராமல் பழைய எழுத்தின் மேலேயே அடிக்கச் சொன்னார்கள். வேண்டாம், பழசு மேலே வரும் என்று சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. இப்போது மழை பெய்தால் பழைய எழுத்து தெரிகிறது.

"அறுபத்தி நாலு," என்று தணிக்கை மேசையிலிருந்து மலையாண்டி கூப்பிட்டார்.

அம்மா முன்னே போய்க் கையெழுத்துப் போட்டார். அமலதாஸ் போட்டான். பேரேட்டில் நான்கு பெயர்கள். முதல் பெயர் அப்பாவுடையது. அவர் இறந்த வருடமே அதன்மேல் கோடு விழுந்துவிட்டது.

"ஷர்லி எங்க?"

"இன்டர்வியூவுக்குப் போயிருக்குங்க சார். மனு கொடுத்திருக்கேன்."

"மனுவா? எங்கிட்ட ஒண்ணும் இல்லையே."

அமலதாஸ் நகலை எடுத்து நீட்டினான். மலையாண்டி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை இருக்கு, சரி. அனுமதின்னு நான் எழுதியிருக்கனா?"

"எழுதலைங்க. அனுமதி இல்லைன்னும் எழுதலைங்க."

"என்னப்பா, எங்கிட்டயே வக்கீல் மாதிரிப் பேசுற. தள்ளு, அடுத்த ஆளு வரட்டும்." சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அமலதாஸுக்குக் காதெல்லாம் சுட்டது. அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தான். என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கோடு போடுங்க சார். ஆனா எதுக்குப் போட்டீங்கன்னு பக்கத்துலயே எழுதுங்க. பல்கலைக்கழகத்துக்குப் போனதால பேரை எடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் ஒரு போட்டோ எடுத்துக்கிடுறேன். அது போதும்."

"மெரட்டுறியா?"

"கேக்குறேங்க."

"அறுபத்தஞ்சு," என்று மலையாண்டி குரலை உயர்த்தினார்.

அறுபத்தைந்தாம் வீட்டுக்காரி முனியாயி நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அவன் முடிக்கட்டும் சார். எனக்கென்ன அவசரம். ஒரு நாள் வேலைதான் ஏற்கனவே போச்சே."

அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் அசையவில்லை. மலையாண்டி வரிசையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவால் 'அனுமதி' என்று கிறுக்கினார். அமலதாஸ் நன்றி சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குத் தேதி போட வைத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

ஒன்றரை மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. வெளியே ஊர்ப் பேச்சு பேசுகிறவர்கள் அண்ணனும் தங்கையும். தங்களுக்குள் மட்டும் அப்பா அம்மாவின் மன்னார்ப் பேச்சுதான்.

"அண்ணா, கிடைச்சிட்டுது. ஆனா அஞ்சு மணிக்குள்ள கடிதம் வேணுமாம்."

"அழாதை. சாப்பிட்டனியோ?"

"இல்லை."

"முதல்ல சாப்பிடு. கடிதம் வரும்."

மலையாண்டியின் அலுவலகத்தில் இரண்டு மணியிலிருந்து அமலதாஸைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நாலரைக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. வாங்கியதும் ஓடியிருக்கலாம். அமலதாஸ் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். மூன்றாவது வரியில் விரல் நின்றது. பிறந்த இடம்: இலங்கை.

"சார், இது தப்புங்க. ஷர்லி பொறந்தது புதுக்கோட்டை."

"எல்லாருக்கும் அப்படித்தான் அடிப்போம். எங்க பொறந்தா என்னப்பா, நீங்க இலங்கைதானே," என்றார் மலையாண்டி.

"நான் இலங்கைங்க. பத்து வயசுல போட்ல வந்தேன். அவ எங்கிட்டும் இருந்து வரல. இந்த ஊர் ஆஸ்பத்திரியில பொறந்து, இந்த ஊர் பள்ளிக்கூடத்துல படிச்சு, இந்த ஊர் மார்க்கு வாங்கியிருக்கா." ஃபைலிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தான்.  "பதினெட்டு வருசமா இங்க இருக்கிறவள எண்ணிக்கிட்டே இருக்கீங்க. எண்ணுறவங்களுக்கு அவ எங்க பொறந்தாள்னு கூடத் தெரியலைன்னா எப்படிங்க? அங்க ரெண்டு பேப்பரையும் வச்சுப் பாத்தா, இது போலின்னு தள்ளிருவாங்க."

மலையாண்டி பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டரில் இருந்தவரிடம் தலையை ஆட்டினார். புதிய தாள் வெளியே வந்தபோது நாலு ஐம்பது. அமலதாஸ் மறுபடியும் முழுவதும் படித்தான். படமெடுத்து ஷர்லிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நாலு ஐம்பத்தாறுக்கு இரண்டு நீலக் குறி விழுந்தது. ஐந்து அடித்து இரண்டு நிமிடத்தில், ஏற்றுக்கொண்டார்கள் என்று ஷர்லியிடமிருந்து செய்தி வந்தது.

"இப்ப சந்தோசமா?" என்றார் மலையாண்டி. "நம்ம முகாம் பொண்ணு. ஒரு பேனர் வைப்போம்யா. நீயே எழுதிக் குடு."

"இல்லைங்க."

"எது இல்ல? பேனரா, சந்தோசமா?"

அமலதாஸ் ஃபைலின் கடைசி உறையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தான். பன்னிரண்டு விடுப்பு மனுக்கள், ஆறு மாதத்துத் தணிக்கைகளுக்கு, ஒரே அளவு எழுத்தில், ஓரம் பிசகாமல் எழுதியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் நகலும் இருந்தது.

"அடுத்த தணிக்கைக்கு அவ காலேஜ்ல இருப்பா," என்றான். "முத்திரையோட இந்தத் தடவ அனுமதின்னும் எழுதிருங்க. நான் நிக்கிறேன்."